சிறுநீரகப் புற்றும் உடற்காவலும்

சென்ற கோடை விடுமுறையில் யாம் ஊர் சென்றிருந்தபோது எம் அம்மான் எம்மை ஒரு வினா வினவினார். அவர் முப்பத்துநான்கு ஆண்டு ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலத்திற் காய்ச்சலென்று ஒருநாளேனும் விடுப்பெடுத்தறியாதவர். மூன்றாண்டுகட்கு முன் பித்தப்பையிற் கல்லுண்டோ என்று பார்க்க எடுத்த வயிற்று ஸ்கேனிற் கல் ஒன்றும் தென்படவில்லை. இடப்பக்கத்துச் சிறுநீரகத்தின் மேல்முனையிற் சாத்துக்குடி அளவினதாகிய கட்டியொன்று தென்பட்டது. அவர்க்கு வலியில்லை, சிறுநீரிற் குருதி கலந்ததில்லை, பசிக்கும் குறைவில்லை. சிறுநீரகம் முழுவதும் அறுத்தெடுக்கப்பட்டது. ஈராண்டு கழிந்தபின் நுரையீரலில் ஐந்து புள்ளிகள் தோன்றின.

"தம்பி, காலில் முள் தைத்தால் இரண்டு நாளில் சீழ் கட்டி அதை வெளியே தள்ளுகிற உடம்பு, இத்தனை பெரிய கட்டியை ஏன் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது? காவற்காரன் தூங்கிவிட்டானா?" என்பதே அவர் வினா.

யாமோ தமிழ் கற்கும் மாணவர். அவ்வினாவிற்கு அன்று விடை கூற வகையறியாது நின்றோம். கல்லூரி திறந்தபின் விலங்கியல் பயிலும் நண்பர் இருவரை இரவுதோறும் நச்சரித்தும், நூல்நிலையத்திற் கிடைத்தவற்றைப் படித்தும் யாம் அறிந்துகொண்டதை ஈண்டு எழுதத் துணிந்தோம். அந்நண்பருள் ஒருவர், "இதனைத் தமிழில் எழுதல் இயலாது" என்று கூறியதும் இத்துணிவுக்கு ஒரு காரணமென்பதை மறைப்பானேன்?

பொருளிற் புகுமுன் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மேனாட்டார் இந்நோய்க்கு நண்டின் பெயரை இட்டனர். அது பண்டைக் கிரேக்க மருத்துவர் வழங்கிய பெயர். நாம் புற்றென்கிறோம். எமக்கு நண்டினும் புற்றே நல்ல உவமையாகத் தோன்றுகின்றது. மேலே தெரியும் மண் சிறிது. உள்ளே ஓடும் வழி பெரிது. அதிலும் சிறுநீரகப் புற்று முதுகுப்புறத்து ஆழத்தில் இருந்து வளர்வதாகலின், பிறிதொன்றைத் தேடிச் சென்றோர் கண்ணிலேயே பெரும்பாலும் படுகின்றது, எம் அம்மானுக்கு நேர்ந்தவாறே. சிறுநீரகத்தை எம் பாட்டியார் குண்டிக்காய் என்றே சொல்வர். அச்சொல்லை இக்கட்டுரையில் ஆள விரும்பினோம். மலராசிரியர் முகம் சுளிப்பரோ என்றஞ்சி விடுத்தோம்.

சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்குழல்கள் உண்டு. நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவு நீர் குருதியினின்றும் வடிக்கப்பட்டு இக்குழல்களில் இறங்குகின்றது. அதில் ஒன்றரை லிட்டரளவே சிறுநீராக வெளியேறும்; எஞ்சியதை எல்லாம் குழலின் சுவரிலுள்ள உயிரணுக்கள் உறிஞ்சி மீட்டும் குருதிக்கே கொடுத்துவிடுகின்றன. இம்மீட்பு வேலையிற் பெரும்பங்கு குழலின் முதல் வளைவுப் பகுதியைச் சார்ந்தது. வளர்ந்தோர்க்கு வரும் சிறுநீரகப் புற்றுக்களில் முக்காற் பங்கு அவ்வுழைப்பாளிகளாகிய உயிரணுக்களினின்றே பிறக்கின்றது. அதற்குத் 'தெளிவணுப் புற்று' என்று பெயர் கூறலாம். அவ்வணுக்கள் கொழுப்பையும் சர்க்கரைப் பொருளையும் நிறைய அடைத்து வைத்துக்கொள்வன. கண்ணாடியில் வைத்து நோக்குதற்குப் பதப்படுத்தும்போது அவை கரைந்து போய்விட, அணுக்கள் உள்ளீடற்ற வெள்ளறைகள் போலத் தோன்றும். அதனால் வந்தது அப்பெயர். 1883-இல் கிராவிட்ஸ் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர், இது சிறுநீரகத்தின் மேலமர்ந்த சுரப்பியினின்று தவறி வந்த துணுக்கின் வளர்ச்சி என்று கருதினார். அக்கருத்துப் பிழையென்று பின்னர்த் தெளிந்தும், அவர் பெயர் நெடுங்காலம் இக்கட்டிக்கு வழங்கி வந்தது.

இனி, காவல் எத்தகையது என்று பார்ப்போம். தமிழ் மாணவர்க்குக் காவலென்றவுடன் புறப்பொருளின் நொச்சித்திணை நினைவிற்கு வரும். மதிலுக்கு வெளியே பகைவன், மதிலுக்குள் காப்போன். நோய்க்கிருமி புகுங்கால் நடப்பது அத்தகைய போரே. முள்ளோடு சேர்ந்து நுழையும் கிருமி உடம்பிற்கு முற்றும் அயலானாதலின், வெள்ளையணுக்கள் அதனை எளிதில் இனங்கண்டு சூழ்கின்றன. புற்றணுவோ மதிலேறி வந்ததன்று. அது அரண்மனையிலேயே பிறந்து, அரண்மனைச் சோறுண்டு, அந்தப்புர வழக்கமெல்லாம் அறிந்தது. உட்பகைக்கெனத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தமை ஈண்டு நினையத்தக்கது. அயலானை அறிதல் எளிது. கெட்டுப்போன உறவினனை அறிதல் அன்றோ அரிது?

அங்ஙனமிருந்தும் உடம்பு அதற்கொரு வழி செய்துள்ளது. மார்பெலும்பின் பின்னே தைமஸ் என்னும் சுரப்பி ஒன்றுண்டு. அங்குப் பயின்று வெளிவரும் வெள்ளையணுக்களை, அச்சுரப்பியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு டி அணுக்கள் என்கின்றனர். அப்பள்ளியின் தேர்வு மிகக் கடியது. தன் உடம்பையே பகையென்று கருதித் தாக்கும் இயல்புடைய அணு அங்கேயே மாய்க்கப்படும். தேறி வெளிவருவன மிகச் சில. நம் ஆனர்ஸ் தேர்வைக் கடியதென்று குறைகூறுவோர் இதனை எண்ணி ஆறுதல் அடைவாராக.

வெளிவந்த டி அணு எவ்வாறு சோதிக்கின்றது? ஒவ்வோர் உயிரணுவும் தனக்குள் உண்டாகும் புரதங்களைச் சிறு துண்டுகளாக்கி, எச்.எல்.ஏ. என்னும் ஏந்துதட்டில் வைத்துத் தன் புறத்தே காட்டி நிற்கும். விடுதிக் கண்காணிப்பாளர் இரவில் அறைதோறும் விளக்கேந்தி வருதல் போல, டி அணுக்கள் அத்தட்டுக்களைப் பார்த்துக்கொண்டே செல்லும். வழக்கமான துண்டாயின் மேற்செல்லும். மாறான துண்டு கண்டால் அவ்வணுவைக் கொன்றுவிடும். தட்டையே காட்டாது ஒளித்துவைக்கும் அணு தப்பிவிடுமோ எனின், அதற்கும் ஒரு காவல் உண்டு. இயற்கைக் கொல்லணுக்கள் எனப்படும் வேறொரு வகையின தட்டில்லாத அணுவைத் தேடிக் கொல்வன. இதனை ஸ்வீடன் நாட்டுக் காரே என்பவரும் அவர் துணைவரும் 1986-இல் விளக்கினர். காட்டினால் ஒருவன் கொல்வான்; மறைத்தால் மற்றொருவன் கொல்வான். இவ்விரட்டைக் காவலைக் கடந்து ஒரு புற்றணு பிழைத்தல் வியப்பே.

பால் எர்லிக் என்னும் பேரறிஞர் 1909-ஆம் ஆண்டிலேயே, நம் உடம்பிற் புற்றணுக்கள் அடிக்கடி தோன்றுகின்றனவென்றும், காவல் அவற்றை மாய்த்து வருவதாலேயே நாம் நலமாக உள்ளோமென்றும் கருதினார். இக்கருத்து நெடுங்காலம் ஐயத்திற்கிடமாகவே இருந்தது. 2001-இல் ஷ்ரைபரும் பிறரும், காவலணுக்கள் இல்லாதவாறு வளர்க்கப்பட்ட எலிகளில் புற்று மிகுதியாகத் தோன்றுவதைக் காட்டினர். அவர்கள் மேலும் ஒன்று கண்டனர். காவலில்லாத எலியில் வளர்ந்த கட்டியைக் காவலுள்ள எலியில் வைத்தால், அக்கட்டிகளுட் பல அழிக்கப்பட்டன. காவலுள்ள எலியிலேயே வளர்ந்த கட்டியோ அழியாது நிலைத்தது. அஃதாவது, காவல் தன்னையறியாமலே தனக்குத் தப்பும் வகையினதாகப் புற்றைச் செதுக்கி விடுகின்றது. எளியவை மாய, வலியவை எஞ்சுகின்றன. சாத்துக்குடி அளவு கட்டியைக் காணும் மருத்துவர் காண்பது ஒரு நெடும்போரில் எஞ்சினவற்றையே.

அப்போர் எத்துணை நெடிது என்பதைப் படித்தபோது யாம் நூலைச் சிறிது நேரம் மூடிவைத்தோம். நம் உயிரணுவில் மூன்றாம் குரோமோசோம் இரண்டு உள. அதன் குறுங்கையில் வி.எச்.எல். முதலாகப் புற்றைத் தடுக்கும் மரபணுக்கள் நான்கு அருகருகே அமைந்துள்ளன. தெளிவணுப் புற்றிற் பெரும்பாலும் முதல் கேடு, இக்குறுங்கைகளுள் ஒன்று முழுதாக இழக்கப்படுவதே. அக்கேடு எப்போது நேர்கின்றதென்று கணக்கிட்ட ஆராய்ச்சியாளர் 2018-இல் வெளியிட்ட முடிவு யாதெனின், அது பலர்க்குக் குழந்தைப் பருவத்திலோ காளைப் பருவத்திலோ நேர்ந்து, கட்டி வெளிப்படுதற்கு முன் முப்பது நாற்பது ஆண்டுகள் கழிகின்றன என்பது. அறுபதாம் அகவையில் எம் அம்மானின் ஸ்கேனிற் கண்டது, அவர் எம்மைப் போற் கல்லூரி விடுதியில் இருந்த நாளிலேயே ஓர் அணுவில் தொடங்கியிருத்தல் கூடும். அத்தகைய அணு பெற்றவரெல்லாம் நோயாளராவதில்லை. மற்றக் குறுங்கையிலுள்ள வி.எச்.எல். மரபணுவும் பின்னர்க் கெட்டாலன்றிப் புற்று முளையாது. ஆயினும் இந்நாற்பதாண்டிற் காவற்காரன் தூங்கியிருந்தான் என்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை.

வி.எச்.எல். என்பது மூன்று எழுத்தன்று. இரண்டு மனிதரின் பெயர். கண்ணின் உட்படலத்திற் குருதிக்குழற் கட்டிகள் தோன்றும் ஒரு குடும்பநோயை ஃபான் ஹிப்பல் என்னும் ஜெர்மானியக் கண் மருத்துவர் 1904-இல் எழுதினார். அதுவே மூளை, சிறுநீரகம் முதலியவற்றிலும் கட்டிகளைத் தோற்றுவிக்கும் ஒரே நோயென்பதை ஸ்வீடன் நாட்டு லிண்டாவ் 1926-இல் விளக்கினார். அந்நோய்க்குக் காரணமான மரபணு 1993-இற் கண்டறியப்பட்டது. பின்னர், அக்குடும்பங்களைச் சேராதோர்க்கு வரும் தெளிவணுப் புற்றிலும் பெரும்பாலும் கெட்டிருப்பது இம்மரபணுவே என்று தெரிந்தது.

அதன் வேலை யாது? பிராணவாயு குறைந்தால் உயிரணுவிற்குள் ஹிஃப் என்னும் புரதம் தங்கிநின்று, "காற்றில்லை, குருதிக்குழல் அனுப்புக" என்று கூவும். வாயு போதிய அளவு உள்ளபோது வி.எச்.எல். அந்த ஹிஃபைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிவிடும். இவ்வமைப்பைக் கண்டறிந்தமைக்கே கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவர்க்கும் 2019-இல் நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. வி.எச்.எல். கெட்ட அணுவில் ஹிஃபை அடக்குவாரில்லை. இதயம் செலுத்தும் குருதியில் ஐந்திலொரு பங்கைப் பெறும் உறுப்பு சிறுநீரகம். அங்கிருந்துகொண்டே அவ்வணு, காற்றுக்குத் தவிப்பதாக இரவும் பகலும் ஓலமிடுகின்றது. செல்வர் வீட்டிற் பிறந்து வறுமை பாடும் இரவலன் ஒருவனை நினைத்துக்கொள்க.

அவ்வோலத்தின் பயனாக வி.இ.ஜி.எஃப். என்னும் பொருள் மிகச் சுரந்து, புதுக் குருதிக்குழல்கள் கட்டியைச் சுற்றிப் பின்னிக்கொள்கின்றன. அது கட்டிக்கு உணவூட்டுவதோடு நில்லாது, காவலுக்கும் ஊறு செய்கின்றது. கிளையணுக்கள் என்று ஒருவகை உண்டு. மரக்கிளைபோல் நீண்ட கைகளையுடையன. பகையின் துண்டை எடுத்துச் சென்று நிணக்கணுக்களில் டி அணுக்களுக்குக் காட்டிக் கற்பிப்பது அவற்றின் தொழில். வி.இ.ஜி.எஃப். மிக்கவிடத்துக் கிளையணுக்கள் முதிர்ச்சியடையா. தூதன் பேசவறியாச் சிறுவனாயின் படை எங்ஙனம் எழும்? அன்றியும் ஒழுங்கற்று வளர்ந்த அக்குழல்களின் சுவர் டி அணுக்கள் எளிதில் ஏறி நுழைவதற்கும் இசைவதன்று.

இவ்வளவு தடைகளைக் கேட்டபின், சிறுநீரகக் கட்டிக்குள் டி அணுக்களே இரா என்று எவரும் நினைப்பர். யாமும் அவ்வாறே நினைத்தோம். உண்மை அதற்கு நேர்மாறானது. எம் அம்மானின் வினாவிற்கு விடை தொடங்கும் இடமும் இதுவே. மனிதர்க்கு வரும் கட்டிகளுள் டி அணுக்கள் மிகுதியாகப் புகுந்து நிற்பனவற்றுள் தெளிவணுப் புற்று ஒன்று. பெருங்குடற் புற்றிலும் வேறு பலவற்றிலும், கட்டிக்குள் டி அணுக்கள் மிக்கிருந்தால் நோயாளி நெடிது வாழ்வர். சிறுநீரகப் புற்றிலோ அவை மிக்கிருத்தல் பெரும்பாலும் தீய குறியாகக் காணப்பட்டது. காவலர் கூட்டம் பெருகப் பெருகக் களவும் பெருகுகின்றதெனின், அக்காவலர் என்ன நிலையில் உள்ளனர் என்று ஆராயவேண்டுமன்றோ?

ஆராய்ந்தவர் கண்டது இது. அவ்வணுக்கள் உயிரோடுள்ளன, பகையை அறிந்தும் உள்ளன, ஆயினும் கொல்லும் தொழிலை விட்டுவிட்டன. நாட்பட்ட வைரஸ் நோயுற்ற எலிகளில் முன்னரே அறியப்பட்டிருந்த இந்நிலைக்கு அயர்வு என்று பெயர். ஓயாது பகையைக் கண்டு ஓயாது தூண்டப்பட்ட டி அணு, தன் மேற்புறத்தே பி.டி.-1 முதலிய கடிவாளங்களை மேன்மேலும் அணிந்துகொள்கின்றது. நோய் முற்ற முற்ற இவ்வயர்ந்த அணுக்கள் கட்டிக்குள் மிகுவதையும், அவற்றோடு கட்டிக்கு உதவியாக மாறிப்போன விழுங்கணுக்களும் மிகுவதையும் 2021-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது.

கடிவாளம் உண்டெனின் அதனைப் பற்றி இழுக்கும் கையும் வேண்டும். அக்கை பி.டி.எல்.-1 என்னும் புரதம். புற்றணு இதனைத் தன்மேல் தாங்கிநின்று, தன்னைக் கொல்லவரும் டி அணுவின் பி.டி.-1-ஐத் தொடுகின்றது. தொட்டவுடன் டி அணுவிற்குள் எழுந்த சினம் தணிகின்றது. 2004-இல் அமெரிக்காவில் மேயோ மருத்துவ நிலையத்தார், சிறுநீரகப் புற்றுக்களில் இப்புரதம் மிக்கவை பெருந்தீங்கு செய்வனவாயிருத்தலைக் கண்டனர். இதில் எமக்குப் பெரிதும் வியப்பளித்தது ஒன்று. டி அணு பகையைக் கண்டவுடன் இன்டர்ஃபெரான் காமா என்னும் பொருளை வீசும். அது போர்முரசம் போல்வது. அம்முரசொலியைக் கேட்டதும் புற்றணு செய்வது யாதெனின், பி.டி.எல்.-1-ஐ இன்னும் மிகுதியாக உண்டாக்கிக்கொள்வதே. தாக்குவோன் எழுப்பும் ஒலியே தாக்கப்படுவோனுக்குக் கேடயம் வார்த்துக் கொடுக்கின்றது. இது போதாதென்று, ஓயாது ஓலமிடும் அந்த ஹிஃபும் அக்கேடயத்தை வளர்க்க உதவுகின்றது.

இயற்கைக் கொல்லணுக்களை மயக்கப் புற்று கையாளும் சூழ்ச்சியும் கூறத்தக்கது. தாய் வயிற்றிலுள்ள மகவு பாதி தந்தையின் உடைமை. ஆதலின் தாயின் காவலுக்கு அது அயலானே. ஆயினும் தாயுடம்பு அதனைத் தாக்குவதில்லை. நஞ்சுக்கொடியின் ஓரத்தணுக்கள் எச்.எல்.ஏ.-ஜி என்னும் தனித்தட்டு ஒன்றைத் தாங்கிநின்று, "இங்கே அமைதி" என்று காவலர்க்கு உணர்த்துவது அதற்கொரு காரணம். சிறுநீரகப் புற்றணுக்களுட் சில அதே தட்டைத் திருடி அணிந்துகொள்கின்றன. பேறு காக்க அமைந்த அடையாளத்தைக் கொலைஞன் சூடி நடக்கின்றான். இதனை எழுதும்போது எம் நண்பர், "இஃது இலக்கியமன்று, அணுவியல்" என்று நினைவூட்டினார். ஆகுக, ஆயினும் செய்தி செய்தியே.

இன்னும் ஒன்று எஞ்சியுள்ளது. டி அணுக்களிலேயே பிற டி அணுக்களை அடக்குதற்கென்று ஒருவகை உண்டு. ஜப்பானியராகிய சாகாகுச்சி 1995-இல் அவற்றை விளக்கினார். அதற்கும் அதனையொட்டிய மரபணு ஆராய்ச்சிக்குமாக அவர்க்கும், பிரங்கோ, ராம்ஸ்டெல் இருவர்க்கும் 2025-இல் நோபெல் பரிசு கிடைத்தது. இவ்வடக்கும் அணுக்களையும் புற்று தன்பால் வரவழைத்துக்கொள்கின்றது.

நிற்க. இக்கடிவாளங்களைப் பற்றிப் படித்தவுடன் எமக்கு எழுந்த சினம், "இவற்றை உடம்பு ஏன்தான் படைத்துக்கொண்டது?" என்பதே. அதற்கு விடை எலிகள் தந்தன. சி.டி.எல்.ஏ.-4 என்னும் மற்றொரு கடிவாளம் இல்லாது பிறந்த எலிக்குட்டிகள், கட்டற்றுப் பெருகிய டி அணுக்கள் உறுப்புக்களிற் புகுந்து அழித்தமையால் மூன்று நான்கு வாரங்களில் மடிந்தன. இது 1995-இற் கண்டது. பி.டி.-1 இல்லாத எலிகள் சிறிது நெடிது வாழ்ந்தும், முதுமையில் தம்முடம்பைத் தாமே தாக்கும் நோயுற்றன. இது 1999-இற் கண்டது. காவலனைக் காப்பதற்கும் ஒரு காவல் வேண்டியுள்ளது. புற்று புதிதாகப் படைக்கலம் ஒன்றும் செய்யவில்லை. நம்மை நம்மிடமிருந்தே காக்க அமைந்த கட்டளைகளைக் கற்று, அவற்றையே தன் வாயால் உரைக்கின்றது. இராசமுத்திரையைத் திருடியவனுக்கு வாள் எதற்கு?

காவலர் உயிரோடு உள்ளனர் என்பதை மருத்துவர் முன்னரே ஐயுற்றிருந்தனர். சிறுநீரகத்தை எடுத்தபின் நுரையீரற் புள்ளிகள் மருந்தின்றியே சுருங்கிப் போதலை, நூற்றில் ஒருவர்க்கும் குறைவாகவே ஆயினும், அவர்கள் கண்டிருந்தனர். எனவே டி அணுக்களைக் கிளர்ந்தெழச் செய்யும் இன்டர்லூகின்-2 என்னும் பொருளைப் பேரளவிற் செலுத்தினர். அமெரிக்க அரசு 1992-இல் அதற்கு இசைவளித்தது. அம்மருந்து நுண்குழல்களினின்று நீரைக் கசியச் செய்து, குருதியழுத்தத்தைத் தாழ்த்தி, நோயாளியைச் சாவின் விளிம்புவரை கொண்டுசெல்லும். ஏறத்தாழ ஏழில் ஒருவர்க்கே கட்டி சுருங்கியது. ஆனால் முற்றும் நீங்கப்பெற்ற சிலர் பல்லாண்டு நோயின்றி வாழ்ந்தனர். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு நலவாழ்வு ஆராய்ச்சி நிலையத்தார், உடன்பிறந்தாரின் குருதி மூலவணுக்களைப் பத்தொன்பது நோயாளர்க்கு ஏற்றினர்; அவருள் பதின்மர்க்குக் கட்டி சுருங்கியது. அவ்வகையில் நலமுற்ற ஒருவருடைய டி அணுக்கள் எதனைப் பகையென்று அறிந்தன என்று தேடியபோது, மிகப் பழங்காலத்தில் நம் முன்னோர் உடம்பிற் புகுந்து மரபணுத் தொகுதியில் உறங்கிக் கிடந்த ஒரு வைரஸின் எச்சமே அது என்று தெரிந்தது. அதனை எழுப்பியதும் ஹிஃபே. புற்றுக்கு உதவும் அந்த ஓலம் ஒருவகையிற் புற்றைக் காட்டியும் கொடுக்கின்றது.

கிளர்ச்சியூட்டுதலை விடுத்துக் கடிவாளத்தை அவிழ்த்தல் நன்றென்று நினைத்தவர் இருவர். ஆலிசன் சி.டி.எல்.ஏ.-4-ஐ மறித்து எலிகளிற் கட்டிகளைக் கரைத்தார், 1996-இல். ஹோன்ஜோ 1992-இலேயே பி.டி.-1-ஐக் கண்டறிந்திருந்தார். இருவர்க்கும் 2018-இல் நோபெல் பரிசு. பி.டி.-1-ஐ மூடிக்கொள்ளும் நிவோலுமாப் என்னும் மருந்து 2015-இல் முற்றிய சிறுநீரகப் புற்றுக்கு இசைவு பெற்றது. 821 நோயாளரிடைச் செய்த சோதனையில், பழைய மருந்து பெற்றவரின் இடைநிலை வாழ்நாள் 19.6 மாதமாக இருக்க, இதனைப் பெற்றவர்க்கு 25 மாதமாயிற்று. 2018-இல் இரு கடிவாளங்களையும் ஒருங்கே அவிழ்க்கும் முறை வந்தது. இடைத்தர, கடுந்தர நோயாளருள் நூற்றுக்கு நாற்பத்திருவர்க்குக் கட்டி சுருங்கியது. ஒன்பதின்மர்க்கு முற்றும் மறைந்தது. எஞ்சியோர்க்கு ஏன் பயன்படவில்லை என்ற வினா பெரியது. அயர்வு ஓரெல்லையைக் கடந்துவிட்ட அணு, கடிவாளம் நீங்கினும் எழுவதில்லை என்பது அதற்கொரு விடை.

அறுவைக்குப்பின் நோய் திரும்பாதிருக்கவும் இவ்வகை மருந்தொன்று 2021 முதல் அளிக்கப்படுகின்றது. அதனால் வாழ்நாளும் நீள்வது 2024-இல் தெரிந்தது. ஒவ்வொரு நோயாளியின் கட்டியிலுமுள்ள மாறான துண்டுகளைக் கண்டு, அவற்றையே தடுப்பூசியாக்கி ஒன்பதின்மர்க்கு இட்ட ஆராய்ச்சி 2025-இல் வெளிவந்தது. இடைநிலையாக மூன்றாண்டுக்கு மேல் கழிந்தும் அவருள் எவர்க்கும் நோய் திரும்பவில்லை. ஒன்பது சிறிய தொகை. ஒப்புநோக்க வேறு குழுவும் இல்லை. ஆயினும் மகிழாதிருக்க இயலவில்லை.

அவிழ்த்த கடிவாளத்திற்கு விலையும் உண்டு. கட்டவிழ்ந்த டி அணுக்கள் குடலையோ, ஈரலையோ, நுரையீரலையோ, தைராய்டுச் சுரப்பியையோ தாக்கலாம். அரிதாக இதயத்தையும் தாக்கும். எலிகள் முன்னரே சொன்னதுதான்.

இவற்றையெல்லாம் பதினோரு பக்கக் கடிதமாக அம்மானுக்கு எழுதினோம். அவர் அதற்கு முன்பே மருத்துவமனையில் நிவோலுமாப் ஏற்றிக்கொள்ளத் தொடங்கியிருந்தார். நாலாம் மாதத்தில் அவர்க்கு ஓயாத சோர்வும் குளிரும் தோன்றின. தைராய்டு அழிந்துவிட்டதென்று சோதனை கூறிற்று. காலைதோறும் ஒரு மாத்திரை உண்கின்றார். மார்கழியில் எடுத்த ஸ்கேனில் ஐந்து புள்ளிகளுள் மூன்று இல்லை. இரண்டு சிறுத்து நிற்கின்றன. அவர் எழுதிய மறுமொழி நாலே வரி. காவற்காரன் தூங்கவில்லை என்று தெரிந்தது மனத்துக்கு நிறைவு என்றும், தைராய்டைப் பற்றிக் கவலை வேண்டா என்றும், அவன் கையைப் பிடித்து வைத்திருந்தவன் பெயர் தம் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லையாதலின் அடுத்த கடிதத்திற் பெரிய எழுத்தில் எழுதி அனுப்புமாறும் கேட்டிருந்தார். எழுதி அனுப்பியுள்ளோம்.